கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கார்டைத் திருப்புங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நாவலாசிரியர் அவருக்கு 1950களிலும் 60களிலும் எழுதிய பத்துப் பதினைந்து தபால் கார்டுகள், சில இன்லண்டுகள், பத்திரிகை லெட்டர்ஹெட்டில் டைப் அடித்த இரண்டு கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் அசல்தானா? லேமினேட் செய்து வைக்கலாமா? முகநூலில் போடலாமா? அதே எழுத்தாளர் கையெழுத்திட்ட நாவல் ஒன்றுக்குப் பழைய புத்தக வியாபாரி எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?"

லேமினேஷனுக்குப் பதில் உடனே சொல்லிவிடுகிறோம்: வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. காகிதத்திலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டுவிடும். அதைவிட முக்கியமான காரணம், கடிதம் அசல் என்று காட்டும் தடயங்களில் பாதி அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டால் எந்த நிபுணராலும் சோதிக்க முடியாது.

எல்லோரும் கையெழுத்தில் தொடங்குவார்கள். எங்கள் யோசனை, கையெழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கார்டைத் திருப்பி முகவரிப் பக்கத்தைப் பாருங்கள். இன்லண்டு லெட்டர் இந்தியாவில் வந்தது 1950 அக்டோபரில். 1948 தேதியிட்ட இன்லண்டு என்றால் அது போலி, மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. கார்டில் அச்சிட்ட விலையையும் பாருங்கள்: அணா, 'நயா பைசா'வாக மாறியது 1957 ஏப்ரல் 1-இல். 'நயா' நீங்கி வெறும் 'பைசா' ஆனது 1964 ஜூனில். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. பின்கோடு எழுத ஆறு கட்டம் அச்சடித்த கார்டில் 1961 என்று தேதி போட்டிருந்தால் அது பின்னால் தயாரித்தது. இந்தச் சோதனை ஒரு திசையில்தான் செல்லும். வீட்டில் மிச்சமிருந்த பழைய கார்டில் கூடுதல் தபால்தலை ஒட்டிப் பிற்பாடு எழுதியிருக்கலாம், அதில் தப்பில்லை. இன்னும் அச்சாகாத கார்டில் யாரும் எழுத முடியாது.

பழைய வெற்றுக் கார்டு வாங்கி எழுதுகிறவனை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் தபால் முத்திரை உதவும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். முத்திரை வட்டத்தின் விளிம்பு பேனா எழுத்தைக் குறுக்கே வெட்டும் ஓர் இடத்தைத் தேடுங்கள். தபாலில் போன கார்டில் எழுத்து முதலில், முத்திரை பிறகு. முத்திரையின் கறுப்பு எண்ணெய் மைக்கு மேலே பேனா மை ஓடியிருந்தாலோ, அங்கே ஒட்டாமல் விலகித் திட்டுத்திட்டாக நின்றிருந்தாலோ சந்தேகப்படுங்கள். எழுத்தாளர் எழுதிய தேதி, அனுப்பிய ஊர் முத்திரைத் தேதி, உங்கள் ஊரில் விழுந்த முத்திரைத் தேதி மூன்றும் வரிசையாகப் பொருந்த வேண்டும்.

கார்டின் நடுவில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் நல்லது. வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவது அந்தக் கால வழக்கம். ஒரே வீட்டில் சேர்ந்த கட்டில் ஓட்டைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில், சில சமயம் துரு வளையத்தோடு இருக்கும். அவற்றை அடைக்கவோ சுத்தம் செய்யவோ வேண்டாம், இந்தக் கடிதங்கள் உங்கள் தாத்தா வீட்டில் இருந்தவை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கட்டின் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக எண்ணிட்டுக்கொள்ளுங்கள். எண்ணைக் கடிதத்தில் எழுதாதீர்கள், உறையில் பென்சிலால் எழுதுங்கள்.

அடுத்து எழுத்து. தமிழ்க் கடிதத்தைச் சோதிப்பதில் ஒரு வசதி உண்டு. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, ளை, னை நான்குக்கும் இன்றுபோல் முன்னால் ஐகாரக் குறி போடாமல், எழுத்தோடு சேர்ந்து வளையும் யானைத் தும்பிக்கை போட்டார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழித்தார்கள். கை பழகிவிட்டதால் 1978-க்குப் பிறகும் பலர் அதை விடவில்லை. எனவே 1955 கடிதம் ஒன்றில் எல்லா 'லை'யும் இன்றைய வடிவில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். விதிவிலக்கு உண்டு: பெரியாரின் குடிஅரசு 1935-லேயே சீர்திருத்த எழுத்தில் அச்சானது, அந்த வழி வந்தவர்கள் அப்படியே எழுதியிருக்கலாம். உங்கள் எழுத்தாளர் எந்தப் பக்கம் என்பது, அசல் என்று ஐயமறத் தெரிந்த அவருடைய இரண்டு கடிதங்களைப் பார்த்தால் விளங்கிவிடும். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பத்தி வரை கவனமாகப் பழைய வடிவில் எழுதி, பிறகு மறந்துவிடுவார்கள். ஆகவே கடைசி வரிகளை முதலில் படியுங்கள்.

லூப்பில் கோடுகளைப் பாருங்கள். வேகமாக எழுதும் கை கோட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் முனைகள் மெலிந்து முடியும். பார்த்து வரைகிற கை நின்று நின்று போகும்: முனை மொண்ணையாக இருக்கும், வளைவில் நடுக்கம் தெரியும், பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த இடத்தில் மை குண்டாக நிற்கும். புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும். வேகமாக எழுதுகிறவர் சொல்லை முடித்துவிட்டு மெய்களுக்குப் புள்ளி வைப்பார், அது எழுத்தின் தலையில் விழாமல் வலப்பக்கம் பறந்து விழும், சில இடத்தில் விட்டே போயிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒழுங்காக உச்சியில் உட்கார்ந்திருக்கும் கடிதம் அழகாக இருக்கலாம், நம்பகமானதல்ல. நிப் பேனா அழுத்திய கோட்டில் இரண்டு ஓரமும் அடர்ந்து நடு வெளிறியிருக்கும். பால்பாயின்ட் பேனா காகிதத்தில் பள்ளம் போடும், பின்பக்கம் தடவினால் தெரியும். பால்பாயின்ட் அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 கடைசியில், ஜெல் பேனா 1980களில். 50களின் கடிதத்தில் ஜெல் மை இருக்க வழியே இல்லை.

ஒரு புற ஊதா டார்ச்சும் (365 நானோமீட்டர்) வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்ப்பது 1950 வாக்கில்தான் தொடங்கியது. இருட்டறையில் நீல வெள்ளையாக ஒளிரும் காகிதம் 1940களின் கடிதமாக இருக்காது. ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை, இந்தக் காலத்திலும் ஒளிராத காகிதம் உண்டு.

டைப் அடித்த இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள், அவைதான் ஆபத்தானவை. பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்த பதிலை உதவி ஆசிரியரே எழுதி, ஆசிரியருக்காகக் கையெழுத்திட்டோ ரப்பர் ஸ்டாம்ப் குத்தியோ அனுப்புவது சாதாரணம். அது மோசடியல்ல, ஆனால் நாவலாசிரியர் கையொப்பமும் அல்ல. தட்டச்சுக் கடிதத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இருப்பது ஒரே ஒரு கையொப்பம். நியூயார்க்கில் லீ இஸ்ரேல் என்ற எழுத்தாளர் 1990களின் தொடக்கத்தில் எட்னா ஃபெர்பர், டொரத்தி பார்க்கர், நோயல் கோவர்ட் போன்ற பிரபல எழுத்தாளர்கள் பெயரில் சுமார் நானூறு கடிதங்களைப் பழைய டைப்ரைட்டர்களில் அடித்து விற்றதும் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான். அவர் புனைந்த கோவர்ட் கடிதங்களில் இரண்டு, 2007-இல் வந்த கோவர்ட் கடிதத் தொகுப்பிலேயே இடம்பிடித்துவிட்டன. நடை அவ்வளவு பொருந்தியிருந்தது. எனவே 'அவர் பேசுகிற மாதிரியே இருக்கிறது' என்பது அத்தாட்சி அல்ல.

பாதுகாப்புக்கு வருவோம். குண்டூசியும் ஸ்டேபிள் பின்னும் முதலில் போக வேண்டும். இழுக்காதீர்கள். பின்னுக்கும் காகிதத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, பின்பக்கக் கால்களை நிமிர்த்தி, பிறகு மேலிருந்து எடுங்கள். கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பசை மஞ்சளாகி மையோடு ஊறிவிடும். இன்லண்டு மடிப்பில் கிழிகிறதென்றால் திரும்பத் திரும்ப மடிப்பதுதான் காரணம். ஒருமுறை விரித்து, இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு (மை ஒற்றும் தாள்) நடுவில் வைத்து, மேலே நாலைந்து கனமான புத்தகத்தை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். இஸ்திரிப் பெட்டி, ஆவி, ஈரத்துணி எதுவும் வேண்டாம். நிப் பேனாவின் நீல மை பெரும்பாலும் நீரில் கரையும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு வரியைத் துடைத்துவிடும்.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி என்ற ரகம். நாளடைவில் அது அமிலம் கக்கும், மையையும் உரித்து எடுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் அமிலமற்ற காகித உறையே போதும். பாச்சை உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், மூடிய பெட்டியில் உங்கள் மூச்சுக்கும் ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு வேண்டியது ஈரமும் இருட்டும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை ஒரு சாண் நகர்த்தி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் பெரும்பாலும் போதும். ஃபிரேம் போட்டு மாட்ட ஆசையிருந்தால் பிரதியை மாட்டுங்கள்.

மாட்டுவதற்கும் படிப்பதற்கும் சேர்த்து இப்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்: 600 டிபிஐ, டிஃப் (TIFF) கோப்பு, இரண்டு பக்கமும், வெற்றுப் பக்கம் உள்பட.

முகநூல் விஷயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். காகிதம் உங்களுடையது, வாசகம் எழுத்தாளருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. இந்தியச் சட்டப்படி பொதுவாக ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஆனால் உயிரோடு இருந்தவரை வெளிவராத எழுத்துக்கு, அது முதலில் வெளிவந்த அடுத்த ஆண்டிலிருந்துதான் அந்த 60 கணக்கு. நீங்கள் வைத்திருப்பவை இந்த ரகம். அமெரிக்காவில் நாவலாசிரியர் சாலிஞ்சர் தன் கடிதங்களை மேற்கோள் காட்டிய வாழ்க்கை வரலாற்றை 1987-இல் நீதிமன்றத்தில் தடுத்தது இதே உரிமையை வைத்துத்தான். வாரிசுகளிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள். கடிதத்தில் மூன்றாவது ஆளின் நோய், கடன், குடும்பச் சண்டை வந்தால் அனுமதி இருந்தாலும் போடாதீர்கள்.

வெளிநாட்டில் யாராவது கேட்டால் ஒன்று நினைவிருக்கட்டும்: 75 ஆண்டைத் தாண்டிய, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. 1950-இல் எழுதிய கார்டுக்கு 2025-லேயே 75 ஆகிவிட்டது. வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தை அணுகுங்கள். கட்டைப் பிரிக்காமல் கொடுங்கள், ஸ்கேன் பிரதி உங்களுக்கு வேண்டும் என்பதை ஒப்படைக்கும் கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த எட்டாயிரம் ரூபாய் நாவல். கையொப்பம் எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். முன்னுரை முடிவில் என்றால் அது பெரும்பாலும் பேனாவால் போட்டதல்ல, கையொப்பத்தின் உருவத்தைப் பிளாக் (உலோக அச்சு) செய்து புத்தகத்தோடு அச்சடித்தது. பழைய தமிழ் நாவல்களில் இது சகஜம், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு விற்கிறவர்களும் உண்டு. லூப்பில் பார்த்தால் மை ஏற்ற இறக்கமில்லாமல் மற்ற அச்செழுத்தின் கறுப்பிலேயே இருக்கும். தலைப்புப் பக்கத்தில் என்றால் அதன் பின்னாலுள்ள பதிப்பு விவரத்தைப் பாருங்கள். கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5-இல். அதற்குப் பிறகு அச்சான பதிப்பில் அவர் கையொப்பம் இருக்க முடியாது. உங்கள் எழுத்தாளருக்கும் அதே கணக்குதான். வெறும் கையொப்பத்தைவிட, பெறுபவர் பெயரும் ஊரும் தேதியும் சேர்த்து எழுதியதைப் போலி செய்வது கடினம், அதனால் எங்களைக் கேட்டால் 'யாரோ ஒருவருக்கு' எழுதிக் கொடுத்த பிரதிதான் மேல். உங்கள் கையில் சொந்தமாக ஒப்பீட்டு மாதிரிகள் இருக்கின்றன, அந்த வசதி வேறு வாங்குபவருக்கு இல்லை. அந்தப் பக்கத்தையும் பதிப்புப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தப் பணத்தில் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.