சாவி உங்களுடையது, கமிஷன் மட்டும் அவருடையதா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எனக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் இருக்கிறது. நான் வெளியூரில் இருப்பதால் சாவியைப் புரோக்கரிடம் கொடுத்து, "சைவம், சின்னக் குடும்பம், பேச்சிலர் வேண்டாம்" என்று சொல்லி வைத்தேன். பலரைக் கூட்டி வந்து காட்டி, போன மாதம் ஒரு குடும்பத்தை 22,000 ரூபாய் வாடகைக்குக் குடி வைத்தார். அவர்களிடம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டவர், இப்போது என்னிடமும் ஒரு மாதம் கேட்கிறார். குடிவருகிறவர்தானே புரோக்கருக்குத் தருவது வழக்கம்? வீட்டையும் கொடுத்துவிட்டுப் பணத்தையும் நான் ஏன் தர வேண்டும்? 11 மாதம் கழித்து அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது பாதி மாதம் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைக்கிறார். அதையாவது குடித்தனக்காரர் பொறுப்பில் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டு பேரிடமும் வாங்கியது சரியில்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அவர் வாங்கியிருக்கக் கூடாதது குடிவந்தவரிடம். உங்களிடம் கேட்பது நியாயம்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். சாவியைக் கொடுத்தது யார்? நிபந்தனை போட்டது யார்? நீங்கள் திருச்சியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க, வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து பூட்டைத் திறந்து காட்டி, கறி மீன் சாப்பிடுகிறவர்களையும் தனியாளாக வந்தவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பினாரே, அது யாருக்காக? (அந்த நிபந்தனைகளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள். அதற்கான பதில் இதைவிடக் காரமாக இருக்கும்.)

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 182-வது பிரிவு: ஒருவருக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, அவர் சார்பில் மூன்றாம் மனிதரிடம் பேசவோ அமர்த்தப்படுகிறவர் முகவர். இங்கே அமர்த்தியவர் நீங்கள். குடிவந்தவர்தான் அந்த மூன்றாம் மனிதர். 219-வது பிரிவு, வேறு பேச்சு இல்லாவிட்டால் ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகே முகவர் தன் கூலியைக் கேட்கலாம் என்கிறது. காரியம் முடிந்துவிட்டது, கேட்கிறார். எவ்வளவு என்று முதலிலேயே பேசி வைக்காதது உங்கள் குறை. இப்போதும் பேரம் பேசுங்கள், பதினைந்து நாள் வாடகைக்கு இறங்கி வரலாம். ஒரு பைசா தரமாட்டேன் என்று சொல்ல மட்டும் உங்களுக்கு வழியில்லை.

கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் வாங்குகிறாரே என்பீர்கள். இரண்டு வீட்டாரும் அவரிடம் ஜாதகம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குடித்தனக்காரர் என்ன கொடுத்தார்? போர்டையோ போனில் வந்த படத்தையோ பார்த்து வீடு கேட்டு வந்தவர். புரோக்கரைத் தாண்டி உங்களிடம் வர அவருக்குப் பாதையே இல்லை, ஏனென்றால் சாவியை நீங்கள் அங்கே வைத்திருக்கிறீர்கள். தான் தேர்ந்தெடுக்காத ஆளுக்கு, தான் கேட்காத வேலைக்கு அவர் 22,000 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

அதுவும் எந்த நாளில்? மூன்று மாத அட்வான்ஸ் 66,000, முதல் மாத வாடகை 22,000, கமிஷன் 22,000. சாமான் ஏற்றும் வண்டி வருவதற்குள் 1,10,000 ரூபாய். பழைய வீட்டுக்காரர் பெயிண்டுக்கு என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருப்பார். இவ்வளவு கொடுத்தவருக்காக உங்கள் புரோக்கர் ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்க வேண்டும், மெயின்டனன்ஸ் வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டிருந்தால், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். காசு ஒருவருடையது, விசுவாசம் இன்னொருவருக்கு.

வழக்கம் என்கிறீர்கள். ஆள் கிடைப்பது சுலபம், வீடு கிடைப்பது கஷ்டம் என்ற ஊரில், தேவை அதிகம் உள்ளவர் பையில் கை வைத்தார்கள். அது பழகிவிட்டது. ஜெர்மனியிலும் இதுதான் வழக்கமாக இருந்தது. ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வாடகையில் இரண்டு மாதம் வரை, வரியும் சேர்த்து, குடிவருகிறவர் தலையில் விழும். 2015 ஜூன் 1 முதல் அமர்த்தியவரே தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தரகர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். மறு ஆண்டே சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் ஏஜென்டுகள் குடிவருகிறவரிடம் வாங்கிவந்த கட்டணங்களில் பெரும்பாலானவை 2019 ஜூன் 1 முதல் ஒழிந்தன. நியூயார்க் நகரில் 2025 ஜூன் 11 முதல் வீட்டுக்காரரின் தரகருக்கு வீட்டுக்காரரே தர வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லை. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குகிறவருக்குத்தான் காவல். அதில் ஒதுக்கீடு பெறுபவர், அதாவது வீட்டை வாங்குகிறவர், யார் என்று சொல்லும் இடத்திலேயே வாடகைக்கு வருபவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. அந்த அளவுக்குக் குடிவருகிறவர்களுக்கு லாபம்.

"என்னிடம் வாங்கினால் வாடகையில் ஏற்றிவிடுவேன்" என்று நீங்கள் சொல்லலாம். ஏற்றுங்கள். 11 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000. அது போர்டிலேயே தெரியும், பக்கத்து ஃபிளாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறவர் வருவார், இல்லாவிட்டால் போவார். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கமிஷன் குடிவருகிறவருடையது என்றால், வருடத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்ற உங்களுக்குச் செலவே இல்லை. ஆள் மாறும்போதெல்லாம் புரோக்கருக்கும் வருமானம். அந்த 22,000 உங்கள் கையிலிருந்து போனால், இருக்கிற குடும்பத்தை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லத் தோன்றும், குழாய் ஒழுகுகிறது என்று அவர்கள் போன் செய்தால் எடுக்கவும் தோன்றும்.

குடிவருகிறவர் தர வேண்டிய இடமும் உண்டு. ஊருக்குப் புதியவர், ஆபீசுக்குப் பக்கத்தில், நாய் வளர்க்கச் சம்மதிக்கிற வீடாக ஒன்று தேடிக் கொடு என்று அவரே ஒருவரிடம் சொல்லி, அவர் தெருத்தெருவாக அலைந்து பிடித்துக் கொடுத்தால் அந்தக் கூலி அவருடையது. வீட்டைப் பார்த்துவிட்டுப் புரோக்கருக்குத் தெரியாமல் வீட்டுக்காரரோடு பேசி முடிக்கிற கெட்டிக்காரர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆகவே புரோக்கரோடு பேசி ஒரு தொகையை முடித்துக் கொடுங்கள். குடிவந்தவரிடம் வாங்கியதை அவர் திருப்பித் தர மாட்டார். மனமிருந்தால் நீங்கள் வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

புதுப்பிக்கும்போது பாதி மாதமா? அன்றைக்கு அவர் யாரைத் தேடிப் பிடித்தார், எந்தப் பூட்டைத் திறந்தார்? குடும்பமும் அதே, வீடும் அதே. ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி டைப் அடிக்கிற செலவை நீங்களும் குடித்தனக்காரரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். புரோக்கருக்கு இரண்டு பேருமே தர வேண்டாம்.