தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்து எதற்கு?

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை, எடை 1.7 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கொடுங்கள். நானும் இதே கேள்வியோடு இருந்தவள்தான். என் மகள் 32 வாரத்தில், 1.5 கிலோவில் பிறந்தாள். தஞ்சாவூரில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது கூடவே ஒரு சொட்டு மருந்து பாட்டிலும் வந்தது. "பச்சப் புள்ளைக்கு எதுக்கு இரும்பு? நீ முருங்கைக்கீரை சாப்பிடு, பால்ல போயிடும்" என்றார் மாமியார். தினமும் கீரைதான். எனக்கு நல்லது, சரி. ஆனால் தாய் என்ன சாப்பிட்டாலும் பாலில் இரும்பு பெரிதாக ஏறாது. நிறைமாதக் குழந்தை கடைசி மூன்று மாதத்தில் அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்ட இரும்பை வைத்து ஆறு மாதம் வரை ஓட்டிவிடும். நம் பிள்ளைகள் சேர்த்து முடிப்பதற்குள் வந்துவிட்டார்கள். அப்புறம் மளமளவென்று வளர்வதால் ரத்தமும் அதே வேகத்தில் ஊற வேண்டும். பெட்டியில் இருந்தபோது பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் வேறு.

மருந்து தொடங்கிய நாலாம் நாள் துணியில் கரும்பச்சையாகப் போனது. அன்று மாலை பாட்டிலைக் காணோம்! பத்தாயத்தின் மேல் ஒளித்து வைத்திருந்தார் அத்தை. இரும்பு கொடுத்தால் மலம் கறுப்பது வழக்கம்தான். சிவப்பாகவோ, தார் மாதிரி ஒட்டிக்கொண்டோ போனால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அளவைப் பற்றி. சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு. மகள் 2 கிலோ இருந்தபோது 4 மில்லிகிராம், அதாவது எங்கள் பாட்டிலில் 0.4 மில்லி. ஐப்பசி அடைமழையில் டவுனுக்குப் போக முடியாமல் பக்கத்து மெடிக்கலில் வேறு கம்பெனி மருந்து வாங்கினோம். கரண்ட் இல்லை. டார்ச் அடித்து லேபிளைப் படித்த என் கணவர்தான் கண்டுபிடித்தார்: பழையதில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம், புதியதில் 25. அதே 0.4 மில்லியைக் கொடுத்திருந்தால் 10 மில்லிகிராம் போயிருக்கும்.

எடை ஏற ஏற அளவையும் ஏற்ற வேண்டும். நாங்கள் மறந்தே போனோம். எடை பார்க்க வந்த நர்ஸ் அக்கா கேட்டபிறகுதான் டாக்டரிடம் போய் மாற்றினோம். பெரும்பாலும் ஒரு வயது வரை கொடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், தொடங்கும் நாள் தள்ளிப்போகலாம். ஒரு வயது வரை மாட்டுப்பால் வேண்டாம், அது இரும்பை இன்னும் குறைக்கும்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இனிப்பாக இருக்கிறதென்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் பாட்டில் கடைசிவரை பத்தாயத்தின் மேல்தான் இருந்தது. இடம் அத்தை பார்த்தது.