நகையும் வசனமும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொருக்குப்பேட்டை. அப்பா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மனைவி சில வருஷமாக வியாசர்பாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். நகையெல்லாம் கழற்றிவிட்டாள். இப்போது மகளுக்குக் கல்யாணம். தாலி, நகை எதுவும் கூடாது, 1 பேதுரு 3:3 இருக்கிறது என்கிறாள். என் அம்மாவோ, "நாங்க மட்டும் வேதம் படிக்கலியா? ரெபெக்காளுக்கு நகை போட்டுத்தானே பொண்ணு கேட்டாங்க?" என்கிறார். வேதம்தான் கடைசி வார்த்தை என்று இருவருமே சொல்கிறார்கள். அப்படியானால் அதிகாரம் வேதத்துக்கா, அதை எடுத்துச் சொல்கிறவருக்கா?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிடுங்கள். ரெபெக்காள் கதை வரும் ஆதியாகமம் 24ஐ இவ்வளவு சமயோசிதமாக எடுத்து வீச எல்லோராலும் முடியாது. ஆனால் வசனத்துக்கு வசனம் வீசி எந்த வழக்கும் தீர்ந்ததில்லை. இயேசுவைச் சோதித்தபோது சாத்தான் எடுத்துக்காட்டியதும் 91ஆம் சங்கீதத்தைத்தான்.

1 பேதுரு 3:3ஐப் பிரித்து வைத்துப் படியுங்கள். பொன்னாபரணம் மட்டுமா இருக்கிறது? மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரம் உடுத்துவதும் அதே வசனத்தில் வருகின்றன. நம் பக்கத்தில் நகை போடாத சபைகளின் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம் இருக்காது. முதுகில் நீளப் பின்னல் இருக்கும், கட்டியிருப்பது காஞ்சிபுரம் பட்டு. பின்னல் போட்டதற்காக எந்தப் பாஸ்டரும் யாரையும் கடிந்துகொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே வசனத்தில் ஒன்றைச் சட்டமாக்கி, மற்ற இரண்டையும் கண்டும் காணாமல் விட்டவர் பேதுரு இல்லை.

சி.எஸ்.ஐ.க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்ற ஆமோஸ் வசனம் யார் கைக்காவது வந்ததுண்டா? அதுவும் கர்த்தருடைய வார்த்தைதானே!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராயபுரம் பேதுரு கோயில் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இதில் குழப்பம் குறைவு. விளக்கம் சொல்லத் திருச்சபை இருக்கிறது. ஆனால் அந்தப் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று அவர்களுடைய ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியே வைத்துவிட்டது. நம் கதை வேறு. போப்பும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ நிரூபிக்காதவரை பின்வாங்க மாட்டேன் என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1521இல் வோர்ம்ஸ் நகரத்தில் நின்று சொன்னார். அவர் வழி வந்த நாம் ரோமாபுரியிலிருந்த ஒரு போப்பைத் தள்ளிவிட்டு, தெருவுக்கு ஒரு போப்பை உட்கார வைத்துக்கொண்டோம்.

இங்கே பக்கத்து வேப்பேரியில் உட்கார்ந்துதான் ஜெர்மன் மிஷனெரி ஃபப்ரீசியஸ் தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு அங்கேயே 1772இல் அச்சானது. சாதாரண ஜனங்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்தது அவர்களே படித்துப் பார்க்கட்டும் என்றுதான். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் வியாசர்பாடி பாஸ்டருக்கும் உண்டு, கொருக்குப்பேட்டை சபை ஐயருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

அதிகாரம் வேதத்துக்குத்தான். அதற்கு நான் கீழ்ப்படிகிறேனா என்பது, அது என்னைக் குத்தும் இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதில் தெரியும். அடுத்தவர் கழுத்தைப் பற்றிய வசனத்துக்குக் கீழ்ப்படிவதில் எனக்கு என்ன சிரமம்? அப்புறம், வசன எண்கள் பேதுரு போட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டில் நாம் பார்க்கும் எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551இல் போட்டார். பேதுரு எழுதியது கடிதம். கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கத்தரித்தால் எழுதியவர் சொல்ல வந்தது நிற்காது.

உங்கள் மனைவி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது வரவில்லை. நம் தெருக்களில் பாதி நகை சேட்டு கடையில்தான் இருக்கிறது. பள்ளி திறக்கும்போது உள்ளே போகும், கல்யாணம் வந்தால் கடன் வாங்கி மீட்பார்கள். யாருமே நகை போடாத சபையில், கம்மல் அடகில் இருக்கும் பெண் முந்தானையால் காதை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பணக்காரப் பெண்களின் பகட்டைப் பார்த்துதான் அந்த வசனங்கள் எழுதப்பட்டன என்று பல வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்கள் மனைவி அதன் உள்கருத்தைப் பிடித்திருக்கக்கூடும். சட்டமாக்கி மகள்மேல் போடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ரோமர் 14ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். சாப்பாட்டிலும் நாள் பார்ப்பதிலும் வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்கிறார் பவுல். நகையையும் அந்த வரிசையில்தான் நான் வைப்பேன்.

அதற்கு முன்னால் பேதுரு கடிதத்தின் அதே மூன்றாம் அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளிப் போங்கள். ஏழாம் வசனம் புருஷர்களுக்கு. மனைவிக்குக் கனம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஜெபம் தடைபடும் என்று இருக்கிறது. மூன்றாம் வசனம் உங்கள் மனைவியின் பாடு, ஏழாவது உங்கள் பாடு.

இன்னொன்று. மனைவி சொன்னது, அம்மா சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.