மர்மம் காய்ச்சலில் இல்லை

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு மாதமாக மர்ம காய்ச்சல் பரவுவதாக நாளிதழில் செய்தி வந்துள்ளது (நறுக்கு இணைத்திருக்கிறேன்). கொசு மருந்து வண்டி ஒருமுறைகூட வரவில்லை. தமிழகப் பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்றுள்ள சவால்கள் என்ன? அரசின் புதிய அணுகுமுறைகள் பலன் தருகின்றனவா?
— திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: முதலில் அந்த ‘க்’. மர்மக் காய்ச்சல். மகரம் கெட்டால் வல்லினம் மிகும். நீங்கள் அனுப்பிய நறுக்கில் தலைப்பு, செய்தி, படக்குறிப்பு மூன்றிலும் ஒற்றைக் காணோம். பார்த்துப் பார்த்து உங்களுக்கும் தொற்றிவிட்டது. காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் போகலாம், ஒற்றுக்குமா?

நம் நாளிதழ்களில் மர்மம் மூன்று வகை. மர்ம நபர், மர்ம விலங்கு, மர்மக் காய்ச்சல். மர்ம நபர் என்றால் காவல் நிலையத்தில் இன்னும் பெயர் சொல்லவில்லை என்று பொருள். மர்ம விலங்கு இரவில் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடும். மறுநாள் வனத்துறையினர் வந்து கால்தடத்தைப் பார்த்து ‘நாய்’ என்பார்கள். நாய் என்று தெரிந்ததும் செய்தி உள்பக்கத்துக்குப் போய் நான்கு வரியாகச் சுருங்கும். மர்மக் காய்ச்சலுக்கு அந்த நாலு வரிகூடக் கிடையாது. துப்பறியும் தொடரில் கடைசி அத்தியாயத்தை மட்டும் அச்சடிக்காமல் விட்ட கதைதான். காய்ச்சல் தணிந்ததும் நிருபர் வேறு மர்மத்தைத் தேடிப் போய்விடுவார்.

இத்தனைக்கும் சந்தேகப் பட்டியல் நீளமே இல்லை. டெங்கு, உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல், டைபாய்டு, சிக்குன்குனியா, மலேரியா, ஃப்ளூ. மழைக்காலமும் அதை ஒட்டிய பனிக்காலமும் என்றால் முதல் இரண்டும் முன்வரிசை. பிறகு ஏன் மர்மம்? தவறான நாளில் தவறான சோதனை எடுப்பதால். நோயாளியை உடம்போடு பார்க்காததால்.

டெங்குவை எடுங்கள். காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாள் வரை, வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை. அதன் பிறகு, உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். எடுத்து ‘டெங்கு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. எதிர்ப்பொருள் அப்போது உருவாகியே இருக்காது. இன்னொன்று, நம் வீடுகளில் எல்லோரும் தட்டணுவையே (பிளேட்லெட்) எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது, ரத்தம் கெட்டியாகிறது. விடாத வாந்தி, வயிற்று வலி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், ஈறில் ரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ‘ஜுரம் விட்டாச்சு’ என்று வீட்டார் நிம்மதியாகும் அதே வேளை அது. அதற்கு முன் வலிக்காக டைக்ளோஃபெனாக் ஊசியோ ஐபுப்ரோஃபெனோ போட்டிருந்தால் ரத்தக்கசிவுக்கு நாமே வழி செய்துவிட்டோம். பாராசிட்டமாலும் போதுமான நீராகாரமும்தான். பப்பாளி இலைச் சாறு பற்றி எழுதிப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. நிலவேம்புக்கு இந்த இதழில் நான் போவதாக இல்லை.

அடுத்து, ‘டைபாய்டு கொஞ்சம் இருக்கு’. இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழர் உண்டா? கொஞ்சம் இருப்பதற்கு அது என்ன சாம்பாரில் பெருங்காயமா? ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் விடால் சோதனை ஒரே ஒன்றை வைத்துச் சொல்வது அது. முன்பு வந்த டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவானாலும் விடால் எண் ஏறலாம். முறையாகச் செய்ய வேண்டியது, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஆசாமி உண்ணிக் காய்ச்சல், ஸ்கரப் டைபஸ். இங்கே பெயரே பாதிக் குழப்பம். உண்ணி என்றதும் ஜனங்கள் நாயையும் மாட்டையும் தடவிப் பார்க்கிறார்கள். அந்த உண்ணி வேறு. இது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் இளம்பருவம். ஆறு கால், அரை மில்லிமீட்டர்கூட இராது. புதரிலும் புல்நுனியிலும் காத்திருந்து, உட்காருபவர் மேல் ஏறிக்கொள்ளும். இதில் டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ‘டைபாய்டு மாதிரி’ என்று சொல்லும் ஊர்களும் உண்டு.

இந்தப் பூச்சி ஓர் உபகாரம் செய்கிறது. பலருக்கு, கடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது: பீடி நெருப்புப் பட்டது போல் கறுத்த சிறு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். ஆனால் அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இருப்பதும் மறைவிடத்தில்தான்: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதுக்குப் பின்னால். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதும் கிளினிக்கில் சட்டையைக் கழற்றச் சொல்பவர் யார்? பெண் நோயாளியிடம், திரை இல்லாத அறையில் கேட்கத்தான் முடியுமா? பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. அதனால்தான் ஐ.ஜி.எம். எலைசா என்ற ரத்தப் பரிசோதனை. பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை பலரைத் தவறவிட்டுவிடும்.

மர்மம் தயாராகும் விதம் இதுதான். ஐந்தாம் நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஆரம்பிப்பார்கள். விலை உயர்ந்த, நல்ல மருந்து. இந்தக் கிருமியிடம் மட்டும் செல்லாது. பத்தாம் நாள் மூச்சுத்திணறல், கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் சரியும். செய்தித்தாளில் ‘மர்மக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி’. இதற்கான டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், பெரியவர்களுக்குத் தினம் இரண்டு வேளை, ஏழு நாள். மலிவான மாத்திரை. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றிவிட்டால் இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது நல்ல பலன் தருகிறது என்பது இந்திய மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்து, 2023-இல் வெளியானது.

இனி உங்கள் வண்டி. அது வரவில்லை என்பது உங்கள் ஆதங்கம். வந்தால் என்ன நடக்கும்? வெளிப்புறப் புகைக்கு மாலத்தியான் 1 பங்கு, டீசல் 19 பங்கு. அதாவது 20 லிட்டர் புகையில் 19 லிட்டர் டீசல். சாமி ஊர்வலம் போல வண்டி வரும், பின்னால் பிள்ளைகள் ஓடும், கவுன்சிலர் முன்னால் நடப்பார், புகைப்படம் எடுப்பார்கள். வீட்டார் அவசர அவசரமாகக் கதவையும் ஜன்னலையும் சாத்துவார்கள். டெங்குக் கொசு ஏடிஸ் உள்ளேதான் இருக்கிறது: கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சட்டைக்குள். சாத்திய கதவுக்கு வெளியே பல்லக்கு போகிறது, உள்ளே உற்சவர் நிம்மதியாக உறங்குகிறார். உள்ளே புகை போனாலும் பறக்கும் கொசுதான் சாகும். தொட்டியில் நெளியும் புழுவுக்கு டீசல் வாடைகூடப் போய்ச் சேராது. வெயில் ஏறிய பிறகு அடித்தால் புகை நேராக மேலே போய்விடும். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி உடனடியாக அடிப்பதற்கு அர்த்தம் உண்டு. தெருத்தெருவாகச் சுற்றுவது தேர்தலுக்கு ஆகும்.

வாரம் ஒருநாள் தண்ணீரைக் கொட்டுவது வேலை செய்யும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது, அதனால்தான் வாரக் கணக்கு. கொட்டினால் மட்டும் போதாது, பக்கச்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். டிரம், டயர், கொட்டாங்குச்சி எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. கட்டி முடியாத அடுக்குமாடியின் லிஃப்ட் குழியையும் அப்படித்தான். வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டிபிசி பணியாளர்கள் வந்தால் ‘எங்க வீட்ல ஒண்ணும் இல்ல’ என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறோம். பூட்டிய வீடு, திருப்பி அனுப்பிய வீடு இரண்டும் கணக்கில் விடுபட்டால், நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில் புழு என்ற அந்தச் சதவீதம் அழகாகவே வரும்.

சவால், அணுகுமுறை என்று கேட்டீர்கள். காய்ச்சலைத் தாண்டிய சவால் தொற்றா நோய்கள். அவற்றைப் பற்றி 2020-இல் மாநில அளவில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அதற்கு மறுமொழியாக 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது மக்களைத் தேடி மருத்துவம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது சரியான யோசனை. கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் வரிசையில் நிற்க யாராலும் முடியாது. மாரடைப்புக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று பதினான்கு மாத்திரையைக் கையில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடும் அப்படியே.

நான் மிகவும் மெச்சுவது அதிகம் பேசப்படாத ஒன்று: 2022-இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் என்று உறுதியான அன்றே ஐந்தைப் பார்க்கிறார்கள். எடை-உயர விகிதமான பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழா? காலிரண்டும் வீங்கியிருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா? ஆக்சிஜன் 94-க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? தேறாதவரை வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். வீக்கத்தைப் பார்க்கக் கண், மூச்சை எண்ணக் கைக்கடிகாரம், ஒரு எடை மெஷின், விரலில் மாட்டும் சிறு கருவி. இதற்கு எந்த வண்டியும் ஊர்வலம் போக வேண்டியதில்லை.

காய்ச்சலுக்கும் இப்படி ஒரு சீட்டு வைப்பதற்கு என்ன தடை? காய்ச்சல் எத்தனையாவது நாள், பொருக்கு தேடப்பட்டதா, எந்த நாளில் எந்தச் சோதனை: மூன்றே கட்டம். நிரப்பியதை மேலே அனுப்ப வழி ஏற்கெனவே இருக்கிறது. கிராம செவிலியருக்கு எஸ் படிவம், மருத்துவருக்கு பி, ஆய்வகத்துக்கு எல். மூன்றும் இப்போது கணினியில். ஓட்டை தனியார் கிளினிக்கில். காய்ச்சல்காரர் பலர் முதலில் போவது அங்கேதான், அல்லது மருந்துக் கடைக்கு. தொற்றுநோயைக் கண்டால் மருத்துவர் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று நம் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே சொல்லிவிட்டது. நாட்டிலேயே முதலில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் அது. நம் ஊர் கிளினிக்குகளுக்குத் தபால் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: வட்டார மருத்துவ அலுவலரிடம் வண்டி எப்போது வரும் என்று கேட்காதீர்கள். இந்த மாதம் உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேருக்கு எலைசா எடுத்தார்கள், எந்தெந்த நோய்க்கு, எத்தனை பாசிட்டிவ் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அந்த நிருபருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர் அதை வெளியிட்டால் எனக்கு நறுக்கு அனுப்புங்கள். இந்த முறையாவது ஒற்றுப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.