என்னிடம் பிலிம் காலத்து நிக்கான் லென்ஸ்கள் மூன்று உள்ளன. அவற்றுக்குப் பொருந்த செகண்ட் ஹேண்டில் எந்த டிஜிட்டல் பாடி வாங்கலாம்?

இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன், தப்பான பாடியை வாங்கி நஷ்டமும் பட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். பிலிம் காலத்து லென்ஸ் என்று சொல்வதால், உங்களுடையவை தானாக ஃபோகஸ் செய்யும் ஏஎஃப்-டி வகையாகவோ கையால் ஃபோகஸ் செய்யும் இன்னும் பழைய வகையாகவோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றை விற்க உங்களுக்கு மனமில்லை என்பதும் புரிகிறது.

என்னிடம் இருந்தவையும் மூன்றுதான். 50 எம்எம் எஃப்/1.8 டி, 24-85 எம்எம் எஃப்/2.8-4 டி, அப்புறம் கையால் ஃபோகஸ் செய்யும் 105 எம்எம் எஃப்/2.5 ஏஐ (நிக்கானின் பழைய லென்ஸ் வகை ஒன்றின் பெயர்). மூன்றும் எஃப்100 பிலிம் கேமராவில் குறையில்லாமல் வேலை செய்தவை. டிஜிட்டலுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தபோது, செகண்ட் ஹேண்டில் ஒரு டி5200 கிடைத்தது. 24 மெகாபிக்சல், அதிகம் புழங்காத பாடி, திருப்பி மடக்கும் திரை. விற்றவரிடம் "என் பழைய லென்ஸ் மாட்டுமா?" என்று கேட்டேன். "நிக்கான் மவுன்ட் எல்லாம் ஒன்றுதான், தாராளமாக மாட்டும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நிக்கான் லென்ஸ் மாட்டும் வளையமான எஃப் மவுன்ட் 1959இல் வந்தது, அதன் அடிப்படை அளவு அன்றிலிருந்து மாறவில்லை. மாட்டினால் வேலை செய்யுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து 50 எம்எம்மை மாட்டி பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் அசையவே இல்லை. லென்ஸ் பழுதாகிவிட்டது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். காரணம் வேறு. ஏஎஃப்-டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியின் மவுன்ட் வளையத்தில் திருப்புளி முனை மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பாடிக்குள் இருக்கும் மோட்டார் அதைச் சுழற்றித்தான் லென்ஸை ஃபோகஸ் செய்யும். 2006இல் வந்த டி40இல் நிக்கான் அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலும் அது இல்லை. ஏஎஃப்-எஸ் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் அது இவற்றில் ஓடும், ஏஎஃப்-டி ஓடாது.

105 எம்எம்மின் நிலை இன்னும் மோசம். அதை மாட்டினால் டி5200க்கு வெளிச்சத்தை அளக்கவே தெரியாது. மேனுவல் மோடில் வைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்து, ஷட்டர் வேகத்தை மாற்றி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அசையாத பொருளுக்கு அது போதும். என் அக்கா மகளின் மேடை நடனத்துக்குப் போதவில்லை. அந்தப் பாடியின் வியூஃபைண்டர் சிறியது, அரங்கம் இருட்டு, குழந்தையோ ஒரு நொடி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஃபோகஸ் சரியாக விழுந்தால் வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். அதைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்புவதற்குள் அவள் மேடையின் மறுகோடிக்குப் போயிருப்பாள். இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன், தெளிவாக வந்தவை ஐந்தோ ஆறோ. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்று என்னைக் கஷ்டப்படுத்தியது கேமரா மட்டுமில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் நிகழ்ச்சி முழுக்கச் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் எழுந்தே நின்றார்கள். பின்னால் பெரியவர்கள் இருக்கிறார்கள், தங்கள் பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். மேடையில் ஆடும் பிள்ளை அம்மாவின் முகத்தைத் தேடினால் அதற்குத் தெரிவது செல்போனின் முதுகு. நானும் படம் எடுக்கிறவன்தான். ஆனால் என் இருக்கையை விட்டு எழுவதில்லை, கேமராவைக் கண்மட்டத்துக்கு மேல் தூக்குவதில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

சரி, பாடிக்கு வருகிறேன். டி5200ஐ வாங்கிய விலைக்குக் குறைவாக விற்றுவிட்டு டி7000 வாங்கினேன். 2010இல் வந்தது, 16 மெகாபிக்சல்தான். "புதியதை விற்றுப் பழையதை வாங்குகிறாயே" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆனால் அதில் மோட்டார் இருக்கிறது. மவுன்ட்டை ஒட்டி வெளிப்புறத்தில், லென்ஸின் அபெர்ச்சர் வளையம் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையம்) வந்து தொடுகிற சின்ன நெம்புகோலும் இருக்கிறது. மெனுவில் 105 எம்எம், எஃப்/2.5 என்று ஒருமுறை பதிந்து வைத்தால் போதும், அந்தப் பழைய லென்ஸுக்கும் வெளிச்சத்தைச் சரியாக அளக்கும். ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால், ஒவ்வொரு ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்தி வைக்கும் வசதியும் உண்டு. அடுத்த வருட நடனத்தை இந்தப் பாடியில்தான் எடுத்தேன். அக்கா வீட்டுச் சுவரில் இப்போது மாட்டியிருப்பது அதில் ஒரு படம்.

டி7100, டி7200 இரண்டிலும் இந்த வசதிகள் அப்படியே உண்டு. 2017இல் வந்த டி7500தான் ஏமாற்றும். மோட்டார் இருக்கிறது, நெம்புகோலை எடுத்துவிட்டார்கள். டி90இலும் மோட்டார் மட்டும்தான். உங்களுடையவை எல்லாமே ஏஎஃப்-டி என்றால் இந்த இரண்டுமே போதும். அகலக் கோண லென்ஸ் வைத்திருந்தால் இன்னொன்றை யோசிக்க வேண்டும். இந்தப் பாடிகளின் சென்சார் பிலிமைவிடச் சிறியது என்பதால் 24 எம்எம் என்பது 36 எம்எம் போல ஆகிவிடும். பிலிமில் பார்த்த அகலம் அப்படியே வேண்டுமென்றால் டி700, டி610, டி750 போன்ற, பிலிம் அளவுக்கே சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடிகளைத் தேடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. லென்ஸ் வளையம் அந்த நெம்புகோலைத் தொட்டு அபெர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்கும் நிக்கானின் ஏஐ முறை 1977இல் வந்தது. அதற்கு முந்தைய லென்ஸை, மாற்றம் செய்யாமல், டி7000 போன்ற பாடியில் மாட்டித் திருகினால் நான் சொன்ன அந்த நெம்புகோல் உடைந்துவிடலாம். அபெர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக, வெட்டு எதுவும் இல்லாமல் இருந்தால் மாட்டவே வேண்டாம். அப்படிப்பட்ட லென்ஸுக்கு, நான் குறை சொன்ன டி5200தான் ஆபத்தில்லாத பாடி.

பழைய பாடி எதற்கு, எல்லாவற்றையும் விற்று மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) வாங்கு என்று இங்கே சிலர் சொல்வார்கள். மிரர்லெஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸுக்கு, பெரிதாக்கிப் பார்க்கும் அந்தத் திரை உண்மையிலேயே வசதி. ஆனால் பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. உங்கள் ஏஎஃப்-டி லென்ஸ் அதில் மறுபடி கைஃபோகஸ் லென்ஸ்தான். கேனான் ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, 1987இலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான்.

வாங்கப் போகும்போது மூன்று லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் மாட்டி, ஃபோகஸ் அசைகிறதா, வெளிச்சம் அளக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஏஎஃப்-டி லென்ஸின் வளையத்தை மிகச் சிறிய அபெர்ச்சரில், அதாவது வளையத்தில் உள்ள மிகப் பெரிய எண்ணில் (பெரும்பாலும் எஃப்/22), வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் திரையில் 'எஃப் ஈ ஈ' என்று வரும். அது பழுதில்லை, பயப்பட வேண்டாம். எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் அழுக்கு தெரிந்துவிடும். எடுத்த படத்தின் தகவலிலேயே ஷட்டர் கவுன்ட்டும், அதாவது இதுவரை எத்தனை முறை ஷட்டர் ஓடியது என்ற கணக்கும், பதிந்திருக்கும். டி7000இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. 40,000, 50,000 ஓடியிருந்தாலும் நான் தயங்க மாட்டேன்.

மூன்று லென்ஸ்களின் வளையத்திலும் எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் கீழே எழுதுங்கள். எண்ணுக்குப் பின்னால் 'டி' இருக்கிறதா, 'ஜி' இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று தெரிந்தால் எந்தப் பாடி என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.