உள்ளே இருந்து தொடங்குங்கள்: பழங்கால உள்ளாடைத் தையல் கேள்வி பதில்

ஐரோப்பியப் பழங்கால உடைகளை வீட்டில் தைத்துப் பார்க்கும் பொழுதுபோக்கில் இறங்கியவர்களின் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் உள்ளாடையைப் பற்றியே வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. மேலாடையைப் பற்றிக் கேட்டவர்களையும் உள்ளாடைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: 1780களின் கவுன் ஒன்றுக்குப் பட்டுத்துணி வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது யார் கண்ணிலும் படாதே, ஸ்டேஸ் கட்டாயம் வேண்டுமா?

வேண்டும். கண்ணில் படுவது முழுக்க அதன் வேலைதான். ஸ்டேஸ் என்பது 18ஆம் நூற்றாண்டின் கச்சு. அது இடுப்பை ஒடுக்குவதைவிட உடலைக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. மார்பு உயர்கிறது, முதுகு நிமிர்கிறது, தோள்கள் பின்னுக்குப் போகின்றன. அன்றைய கவுன் அந்தக் கூம்பின்மேல் இழுத்துப் போர்த்திய தோல் மாதிரி.

என் முதல் கவுனை அன்றாட உள்ளாடையோடு அளவெடுத்துத் தைத்தேன். ஸ்டேஸை அடுத்த மாதம் தைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஸ்டேஸ் அணிந்து அதே கவுனைப் போட்டபோது மார்புப் பக்கம் மூடவில்லை, வயிற்றுப் பக்கம் தொளதொளத்தது, கைக்குழி அக்குளை அறுத்தது. மூன்று வாரத் தையலை ஒரே மாலையில் பிரித்தேன். ஆகவே உடுத்தும் வரிசையிலேயே தையுங்கள்: முதலில் ஷிஃப்ட் என்ற அடி உள்ளாடை, பிறகு ஸ்டேஸ், இடுப்பில் கட்டும் பைகள், இடுப்புத் திண்டு, உள்பாவாடைகள். இத்தனையும் அணிந்துகொண்டு அளவெடுங்கள். பட்டு அதுவரை பெட்டியில் தூங்கட்டும்.

கேள்வி: நான் தையலுக்கே புதியவள். எதில் தொடங்கலாம், அக்கா?

ஷிஃப்டில். பின்னாளில் இதையே ஷெமீஸ் என்றார்கள். நம் சிம்மிஸ் அந்தச் சொல்லின் பேத்திதான். இதற்குக் காகித மாதிரி தேவையில்லை. உடலுக்கு ஒரு நீள்சதுரம், கைகளுக்கு இரண்டு, அக்குளுக்கு இரண்டு சிறு சதுரம், பக்கவாட்டு அகலத்துக்கு முக்கோணங்கள். ஒரு நீள்சதுரத்தை மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைத்துவிடும். துணி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்து வெட்டு இது, ஒரு துண்டும் வீணாகாது. அக்குள் சதுரத்தை 10 முதல் 12 சென்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அதை விட்டுவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழு ஆடையும் கூடவே ஏறும்.

துணி லினனாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசி உலர்த்திவிடுங்கள், லினன் சுருங்கும். தையலில்தான் இந்த ஆடையின் அழகு இருக்கிறது. ஓட்டுத் தையல் போட்டு, நாலைந்து குத்துக்கு ஒருமுறை ஒரு கெட்டித் தையல். பிறகு ஒரு பக்கத் தையல் விளிம்பைப் பாதியாக நறுக்கி, மறுபக்கத்தை அதன்மேல் மடித்து எம்மிங் செய்துவிடுங்கள். உள்ளும் புறமும் பிசிறே தெரியாது. பட்டையும் கம்பளியையும் அன்று அடிக்கடி துவைக்கவில்லை. வியர்வையை வாங்கியதும், துவைகல்லில் அடிபட்டதும் உள்ளே இருந்த இந்த லினன்தான். பிசிறோடு விட்டிருந்தால் நாலு துவைப்புக்குத் தாங்கியிருக்காது.

கழுத்தை மட்டும் முதலில் சிறியதாக வெட்டுங்கள்.

கேள்வி: தையல் இயந்திரத்தில் தைத்தால் ஏமாற்று வேலையா?

காலத்தைப் பொறுத்தது. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1860களுக்குப் பிந்தைய கார்செட்டை (ஸ்டேஸின் பின்னாள் வடிவம்) இயந்திரத்தில் தைப்பதே வரலாற்றுக்குப் பொருத்தம். அதற்கு முந்தையதென்றால், வெளியே தெரியும் இடங்களைக் கையாலும் மற்றதை இயந்திரத்தாலும் தைக்கலாம். யாரும் உங்கள் ஓரத்தைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. அப்படிப் புரட்டிப் பார்ப்பவரோடு பழக்கம் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஸ்டேஸை விறைப்பாக்கும் திமிங்கில எலும்புக்குப் பதில் எதை வைப்பது?

அது எலும்பே அல்ல. சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் இரையை வடிகட்டுவதற்காகத் தொங்கும் தகடுகள்; நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். நீளவாக்கில் மெல்லியதாகப் பிளக்கும், சூட்டில் இளகி உடலின் வளைவை ஏற்கும். இந்தக் குணத்துக்கு அருகில் வருவது, இதற்கென்றே பிளாஸ்டிக்கில் செய்யும் செயற்கைப் பட்டை. 18ஆம் நூற்றாண்டு ஸ்டேஸுக்கு அதைத்தான் சொல்வேன். மின்கம்பிகளைக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் பட்டையும் முதல் முயற்சிக்குப் போதும். தலையை வெட்டிவிட்டு முனைகளை உருட்டையாக அராவுங்கள். துணிக்கடைகளில் கிடைக்கும் மெல்லிய நெளி பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். இடுப்பில் ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான், அந்த முனை விலாவில் குத்திக்கொண்டே இருக்கும்.

விக்டோரியா காலக் கார்செட்டுக்கு எஃகு. தட்டை எஃகு முன்னும் பின்னும்தான் வளையும், பக்கவாட்டில் வளையாது. எனவே நாடாக் கண்களை ஒட்டிய நேர்க்கோடுகளுக்கு அது. சுருள் எஃகு எல்லாப் பக்கமும் வளையும். இடுப்பு வளைவுகளுக்கு அது. பட்டை நுழையும் குழல் பட்டையைவிட ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். பட்டையின் நீளம் குழலைவிட ஒரு சென்டிமீட்டர் குறையட்டும். இல்லையென்றால் ஓரப் பட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

கேள்வி: நாடாக் கண்களுக்கு உலோக வளையம் (ஐலெட்) அடிக்கலாமா?

1820களுக்கு முந்தைய உடைக்கு வேண்டாம், அப்போது அவை கிடையாது. தமரூசியால் துளையிட்டு இழைகளை ஒதுக்குங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள், இழை அறுந்தால் கண் கிழியும். தேன்மெழுகு தடவிய இரட்டை நூலால் சுற்றித் தைத்து, தமரூசியை மறுபடி விட்டு வட்டமாக்குங்கள். முதல் பத்துக் கண்கள் கோணலாக இருக்கும். அவற்றை முதுகின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: கார்செட் அணிந்தால் மூச்சு முட்டுமா? அன்றைய பெண்கள் விலா எலும்பையே எடுத்துக்கொண்டார்களாமே?

விலா எலும்பு கதைக்கு ஆதாரமில்லை. மூச்சு முட்டினால் அளவு தவறு. முதலில் நீட்சியில்லாத கெட்டித் துணியில் ஒரு மாதிரி தைத்து, பட்டை போட்டு, நாடா கட்டிப் பாருங்கள். முதல் கார்செட்டில் இடுப்பை 5 சென்டிமீட்டருக்கு மேல் குறைக்காதீர்கள். பின்னால் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். கீழே விரிந்தால் இடுப்பெலும்புப் பக்கம் இடம் போதவில்லை, மேலே விரிந்தால் மார்புக்குப் போதவில்லை. சின்ன இடுப்பு என்பது பெரும்பாலும் கண்கட்டு: மார்பிலும் இடுப்பின் கீழும் திண்டு வைத்தால் நடுப்பகுதி தானாகச் சிறுத்துத் தெரியும். வெறும் உடலில் அணியாதீர்கள். மூச்சுக் கோளாறோ அண்மையில் அறுவை சிகிச்சையோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே நாடாவைத் தொடுங்கள்.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு உள்காற்சட்டை நடுவில் ஏன் தைக்காமல் திறந்திருக்கிறது? மாதிரியில் பிழையா?

பிழையில்லை, தைத்துவிடாதீர்கள். மேலே கார்செட் இறுக்கி, அதன்மேல் பாவாடைகள் கட்டிய பிறகு கழிவறைக்குப் போக வேண்டி வந்தால் எதை அவிழ்ப்பீர்கள்? கார்செட்டில் குனிவதும் கடினம், காலணியையும் அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிரினோலின் (பாவாடையை விரித்து நிறுத்தும் கூடு) வளையங்கள் பாவாடையில் வரிவரியாகத் தெரிகின்றன.

இடையில் ஓர் உள்பாவாடை போடுங்கள். 1856இல் எஃகு வளையக் கூடு காப்புரிமை பெற்று வந்தபோது அடுக்கடுக்கான பாவாடைகளின் சுமை குறைந்தது உண்மை, முற்றிலும் ஒழியவில்லை.

கேள்வி: பிரா நவீனக் கண்டுபிடிப்புதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008இல் தளத்தின் அடியிலிருந்து துணிக்குவியல் ஒன்று கிடைத்தது. அதில் இரு மார்புக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்துத் தைத்த லினன் உள்ளாடைகள் இருந்தன. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2012இல் செய்தி வெளியானபோது பலருடைய குறிப்பேடுகளில் திருத்தம் விழுந்தது.

கேள்வி: ஷிஃப்ட் தைத்தேன். கழுத்து பெரிதாகி, தோளிலிருந்து நழுவுகிறது. தூக்கிப் போடவா?

மேலே எழுதியதை நீங்கள் பார்க்கும் முன்பே வெட்டியிருப்பீர்கள். போடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கென்றால் கழுத்தோரத்தில் ஒரு சன்னக் குழல் தைத்து நாடா கோத்துச் சுருக்கலாம். அதற்கு முந்தைய காலமென்றால் மீதித் துணியில் ஒரு பட்டை வெட்டித் தோளில் ஒட்டுப் போடுங்கள். அன்றைய ஆடைகளில் ஒட்டுத் துண்டுகள் சாதாரணம். இழையின் போக்கு மட்டும் மேல்துணியோடு ஒத்துப் போகட்டும். மூலைவாட்டில் வெட்டிய ஒட்டு இழுபட்டுக் கழுத்தை மறுபடியும் பெரிதாக்கிவிடும்.