நாய்க்குட்டிக்கு இரவில் தண்ணீர் வைக்கலாமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பத்து வார நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. எடை ஏறக்குறைய 3 கிலோ. கீழே ஹாலில் படுக்கிறது. பக்கத்தில் தண்ணீர் வைத்தால் விடிவதற்குள் மூன்று இடத்தில் சிறுநீர் ஈரம். "ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் கண்ணில் காட்டாதே, தானாகப் பழகிவிடும்" என்கிறார் மாமனார். "தாகத்தில் அழுகிறது" என்று மகள் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? இரண்டும் வேண்டாம் என்று கிண்ணத்தை வெளியே போர்ச்சில் வைத்துவிடலாமா? இதுதான் அவர் கேள்வி.

தண்ணீர் வையுங்கள், சகோதரி. வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பத்து வாரக் குட்டியை நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏழு மணியிலிருந்து விடியும்வரை தண்ணீர் இல்லாமல் விடக்கூடாது. போர்ச்சில் வைப்பது அதைவிட மோசம். அதற்குக் கீழே வருகிறேன்.

உங்கள் மாமனார் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. நாய்ப் பயிற்சியாளர்கள் பலரும் படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுக்கச் சொல்கிறார்கள். நான்கு மாதம் தாண்டிய, உடம்புக்கு ஒன்றும் இல்லாத குட்டி, காற்றோட்டமான அறையில் தூங்குகிறது என்றால், ஒன்பது மணிக்கு எடுத்து ஐந்து மணிக்குத் திரும்ப வைப்பதால் கெடுதல் வராது. உங்கள் குட்டி இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அதோடு, ஏழு மணிக்கு எடுத்து ஆறு மணிக்கு வைத்தால் பதினொரு மணி நேரம் ஆகிறது.

இந்த வயதுக் குட்டியின் சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேர்ச்சி பெறவில்லை. பெரிய நாய் தண்ணீர் கிடைக்காத நேரத்தில் சிறுநீரைக் கெட்டியாக்கி, உடம்பில் இருக்கும் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். குட்டிக்கு அந்தத் திறமை குறைவு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் வெப்பம். நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான். உடல் சூட்டை அது மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. நாக்கின் ஈரம் காற்றில் காய்ந்தால்தான் சூடு குறையும். கோலாலம்பூரில் இரவிலும் 24, 25 டிகிரிக்கு அருகில்தான் இருக்கிறது, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கிறது. ஜன்னல் சாத்திய தாமான் (குடியிருப்பு) வீட்டு ஹாலில் சூடு இன்னும் கூடும். காற்றே ஈரமாக இருந்தால் நாக்கு சீக்கிரம் காயாது. குட்டி அதிக நேரம் இரைத்து அதிகத் தண்ணீரை இழக்கும்.

வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 60 முதல் 100 மில்லிலிட்டர் வரை தண்ணீர் தேவைப்படலாம். உங்கள் குட்டிக்கு அது 180 முதல் 300 மில்லிலிட்டர். தீனியில் இருக்கும் தண்ணீரும் இதில் சேரும். டின் உணவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பாக்கெட்டில் வரும் உலர் தீனியிலோ பத்தில் ஒரு பங்குகூட இருப்பது சந்தேகம். இரவுச் சாப்பாடு உலர் தீனியாக இருந்தால் அதற்குப் பிறகு தாகம் எடுக்கத்தான் செய்யும், அந்த நேரத்தில் கிண்ணத்தை எடுப்பது நியாயமில்லை. தாகம் தாங்காத குட்டி தானே தண்ணீர் தேடும். தரை துடைத்த வாளியில் வாய் வைத்து, மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தியோடு என்னிடம் வந்த குட்டிகள் உண்டு. காலையில் கிண்ணத்தைக் கண்டதும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அப்படியே கக்கும் குட்டிகளும் உண்டு.

சரி, ஈரத்துக்கு என்ன வழி? தண்ணீரை நிறுத்துவதால் குட்டி அடக்கக் கற்றுக்கொள்வதில்லை. அதன் சிறுநீர்ப் பை சிறியது, அவ்வளவுதான். எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரம் பகலில் அடக்கும் என்பது பொதுவான கணக்கு. பத்து வாரக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கும்போது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழும் குட்டி இடையில் ஒருமுறை போயே ஆகவேண்டும். அந்த ஒருமுறை எங்கே போவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசிச் சாப்பாட்டை ஆறரை, ஏழுக்குள் கொடுத்துவிடுங்கள். உலர் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தால் தேவையில் ஒரு பகுதி அப்போதே உள்ளே போய்விடும். ஒன்பது மணிவரை தாராளமாகக் குடிக்கட்டும். அதற்குப் பிறகு நிறைந்த கிண்ணத்துக்குப் பதில் அரை டம்ளர், அதாவது 100 மில்லிலிட்டர் போதும். பொழுதுபோகாமல் நக்கிக்கொண்டே இருக்கும் குட்டிக்கும் அது அளவோடு நிற்கும், உண்மையான தாகத்துக்கும் போதும். பாலை ஊற்றிவிடாதீர்கள். மாட்டுப் பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றுப்போக்கில் இன்னும் தண்ணீர் போகும். படுக்குமுன் பதினொரு மணிக்கு வெளியே கொண்டுபோங்கள். இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து இன்னொரு முறை. இதுதான் சிரமமான பகுதி. வீட்டில் யாராவது இரவு ஷிப்ட் முடித்து வருவதாக இருந்தால் அந்த நேரத்தை அவர் வரும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், குட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அதே இடத்தில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் உடனே படுக்கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விளையாட்டு காட்டினால் தினமும் அந்த நேரத்துக்கு விளையாட எழும். நான்கைந்து நாள் ஈரம் இல்லாமல் போனால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளுங்கள். அப்படியே தள்ளித் தள்ளிப் போனால், நான்கு மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் விடியும்வரை தாங்கிவிடும்.

வெளியே என்றால் உங்கள் கேட்டுக்குள் மட்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை லொங்காங் (சாக்கடை) ஓரத்துக்கோ பக்கத்துப் பூங்காவுக்கோ கொண்டுபோக வேண்டாம். குட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி குறைந்தது பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். ஹாலில் ஏற்கெனவே நனைந்த இடங்களைச் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். பழைய வாடை இருந்தால் அதே இடத்துக்குத் திரும்பப் போகும்.

இப்போது போர்ச்சுக்கு வருவோம். இரவில் வெளியே வைத்த கிண்ணம் உங்கள் குட்டிக்கு மட்டும் உரியதாக இருக்காது. மழை விட்டதும் தேரை வந்து அதற்குள் உட்காரும். நம் தாமான்களில் திரியும் தேரையின் கண்ணுக்குப் பின்னால் விஷச் சுரப்பிகள் உண்டு. அசைவதையெல்லாம் கவ்விப் பார்க்கும் வயது உங்கள் குட்டிக்கு. கவ்வினால் வாயில் நுரை தள்ளும், தலையை உதறும், ஈறு சிவக்கும். அப்போது தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் போகக்கூடாது.

எலி இன்னும் சத்தமில்லாமல் வரும். அதன் சிறுநீர் கிண்ணத்தில் கலந்தால் லெப்டோஸ்பிரோசிஸ். இங்கே எல்லாரும் 'கென்சிங் தீக்குஸ்' என்று சொல்லும் அதே நோய்தான். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நோய் கண்ட நாயின் சிறுநீர் வழியாக உங்கள் மகளுக்கும் வரலாம். அதனால்தான் போர்ச் வேண்டாம் என்கிறேன். கொசுவும் உண்டு. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கிண்ணத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். வீட்டுக்குள் வைத்த கிண்ணமானாலும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதாது, தினமும் தேய்த்துக் கழுவுங்கள். கனமான சில்வர் கிண்ணம் நல்லது. பிளாஸ்டிக்கைக் குட்டி கடித்துத் துண்டாக்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வைக்கும் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் தேடுகிறதா, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறதா, போகும்போது முனகுகிறதா, சிறுநீரில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமி இருந்தால் இப்படி வரலாம், பெண் குட்டிகளுக்கு அதிகம். அதைப் பழக்கக் குறை என்று நினைத்துக் கண்டிக்காதீர்கள், அதற்கு வேண்டியது மருந்து. மாறாக, தண்ணீரைத் தொடாமல் சோர்ந்து கிடந்தால், வாந்தியோ பேதியோ இருந்தால், விரலால் ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈறு வழவழப்பாக இல்லாமல் ஒட்டுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் பெரிய நாய்க்குச் சரி. குட்டியின் தோல் அந்த விஷயத்தில் ஏமாற்றும்.

ஐந்து மாதம் ஆன பிறகும் இரவில் ஈரம் நிற்கவில்லை என்றால், காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான சிறு பாத்திரத்தில் பிடித்து, மூடி போட்ட போத்தலில் ஊற்றி, முடிந்தவரை அரை மணி நேரத்துக்குள் உங்கள் கால்நடை மருத்துவரிடம் சோதனைக்குக் கொடுங்கள்.